கிளிங்கானின் நெற்றியும் கதையின் சட்டமும்

"போன பாகத்தில் இறந்துபோன ஆள் இந்தப் பாகத்தில் எப்படி வந்தான்?" "அது வேறு உலகத்தில் நடப்பது. அதெல்லாம் கணக்கில் வராது." திரைப்படத் தொடர்களையும் கார்ட்டூன்களையும் பற்றி மாணவர்கள் பேசிக்கொள்ளும்போது இப்படிப்பட்ட வாதங்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். பாடவேளை தொடங்கியதும் "வெட்டிப் பேச்சு போதும், புத்தகத்தை எடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போய்விடுகிறோம்.

அந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று கேட்டால் அதில் நமக்குப் பழக்கமான பல செயல்கள் நடப்பது தெரியும். ஒருவர் சான்று காட்டுகிறார். மற்றவர் அந்தச் சான்று செல்லுமா என்று கேட்கிறார். மூன்றாமவர் இரண்டையும் பொருத்தி ஒரு விளக்கம் சொல்கிறார். பாடநூலின் "சிந்தனை வினா" பகுதியில் நாம் எதிர்பார்த்தும் கிடைக்காத ஒன்று அங்கே தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. இதே விவாதத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்தி வருபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் ரசிகர்கள் அவர்கள். அவர்களின் வாதமுறையை அறிந்துகொள்வது வாசிப்பைக் கற்பிக்கும் எவருக்கும் பயன்படும்.

இரண்டு சொற்கள்

இந்த விவாதங்களின் நடுவே இரண்டு சொற்கள் நிற்கின்றன. ஒன்று கேனன். அளவுகோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. கிறித்தவ மரபில், எந்த நூல்கள் மறைநூலில் அடங்கும், எவை அடங்கா என்பதைக் குறிக்கப் பயன்பட்டது. கதை உலகில், "இது உண்மையிலேயே இந்தக் கதையில் நடந்தது" என்று ஏற்கப்பட்ட பகுதிகளின் தொகுப்பைக் குறிக்கிறது. மற்றொன்று தொடர்ச்சி. ஒரு பகுதியில் சொன்னதற்கு இன்னொரு பகுதி முரணாகாமல் இருப்பதே தொடர்ச்சி.

இச்சொல்லைக் கதைக்குப் பொருத்தியதில் ஷெர்லாக் ஹோம்ஸ் வாசகர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆர்தர் கோனன் டாயல் எழுதிய 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் அவர்கள் கேனன் என்கிறார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற சமயக் குரு 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். விவிலிய ஆய்வாளர்களின் முறையை அப்படியே ஹோம்ஸ் கதைகள்மீது பொருத்திக் காட்டிய வேடிக்கைக் கட்டுரை அது. வேடிக்கையாகத் தொடங்கியது பிறகு ஒரு வாசிப்பு மரபாகவே வளர்ந்துவிட்டது.

அவர்கள் கண்டெடுத்த முரண்கள் சுவையானவை. 1887இல் வந்த முதல் நாவலில் டாக்டர் வாட்சனுக்குப் போரில் தோளில் குண்டு பாய்ந்தது. 1890இல் வந்த இரண்டாம் நாவலில் காயம் காலில் இருக்கிறது. வாட்சனின் பெயர் ஜான் எச். வாட்சன். ஆனால் ஒரு சிறுகதையில் அவர் மனைவியே அவரை ஜேம்ஸ் என்று அழைக்கிறார். துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் இதற்கு ஓர் அழகான விளக்கம் தந்தார். ஜேம்ஸ் என்ற பெயரின் ஸ்காட்லாந்து வடிவம் ஹாமிஷ். ஆகவே நடுவிலுள்ள "எச்" ஹாமிஷைக் குறிக்கும். மனைவி செல்லமாக அதன் ஆங்கில வடிவத்தைச் சொல்லி அழைத்திருக்கிறார்! டாயல் மறந்துபோய் எழுதிவிட்டார் என்பதே நடைமுறைக் காரணமாக இருக்கலாம். ஆனாலும் சேயர்ஸின் விளக்கம் கதையில் உள்ள எந்தச் செய்தியோடும் மோதாமல், எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்திவிடுகிறது.

இதிலிருந்து ரசிகர்கள் ஒரு பயனுள்ள வேறுபாட்டை உருவாக்கிக்கொண்டார்கள். கதைக்குள் நின்று சொல்லும் விளக்கம் வாட்சன் வழி. கதைக்கு வெளியே, எழுதியவரின் சூழலிலிருந்து சொல்லும் விளக்கம் டாயல் வழி. ஒரு கேள்விக்கு இரண்டு வழியிலும் விடை சொல்லலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால்தான் சிக்கல்.

நெற்றி மேடு எங்கிருந்து வந்தது?

ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. மூன்று பருவங்கள், 79 பகுதிகளுடன் 1969இல் முடிந்தது. பின்னர் அசைபடத் தொடர், திரைப்படங்கள், 1987இல் புதிய தலைமுறைத் தொடர், அதன்பின் மேலும் பல தொடர்கள் என்று இன்றுவரை வளர்ந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான எழுத்தாளர்கள் பல பத்தாண்டுகளாக ஒரே கற்பனை உலகத்தை எழுதினால் முரண்கள் வராமல் இருக்குமா?

முதல் முரண் தொடக்கத்திலேயே வந்தது. கப்பலின் தலைவர் ஜேம்ஸ் டி. கிர்க். ஆனால் தொடரின் தொடக்க காலப் பகுதி ஒன்றில் அவருக்காக எழுப்பப்படும் கல்லறைக் கல்லில் "ஜேம்ஸ் ஆர். கிர்க்" என்று பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் இன்னும் முடிவாகாத நேரத்தில் எடுத்த காட்சி அது. இது சின்னச் செய்தி. பெரும் புகழ்பெற்ற முரண் வேறொன்று.

கிளிங்கான் என்பவர்கள் கதையில் வரும் போர்க்குணம் கொண்ட வேற்றுக் கோள் இனத்தார். 1960களின் தொடரில் அவர்கள் ஏறக்குறைய மனிதர்களைப் போலவே இருந்தார்கள். நெற்றி வழுவழுப்பாக இருந்தது. 1979இல் வந்த முதல் திரைப்படத்தில் அவர்களின் நெற்றியில் எலும்பு மேடுகள் முளைத்துவிட்டன. அதற்குப் பின் வந்த தொடர்களிலும் அதே தோற்றம்தான்.

டாயல் வழியில் விடை எளிது. 1960களில் வாரந்தோறும் ஒரு பகுதி எடுக்க வேண்டியிருந்த தொலைக்காட்சித் தொடருக்குப் பணமும் நேரமும் குறைவு. திரைப்படத்துக்கு இரண்டும் கூடுதலாகக் கிடைத்தன, ஒப்பனை மாறியது. அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் கேட்டது வாட்சன் வழிக் கேள்வி. கதைக்குள் இது எப்படி நடந்தது?

கருதுகோள்களைச் சோதித்தல்

இங்கேதான் அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. ரசிகர்கள் பல கருதுகோள்களை முன்வைத்தார்கள். முதலாவது: கிளிங்கான்கள் எப்போதுமே மேடுள்ள நெற்றியோடுதான் இருந்தார்கள், பழைய தொடரின் ஒப்பனையை நாம் கண்டுகொள்ளக் கூடாது. இரண்டாவது: கிளிங்கான்களில் இரண்டு இனங்கள் உண்டு, பழைய தொடரில் வந்தவர்கள் ஒரு வகை, பின்னர் வந்தவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது: ஏதோ ஒரு நோய் அல்லது மரபணு மாற்றம் ஒரு காலத்தில் பலருடைய தோற்றத்தை மாற்றியது.

இரண்டாவது கருதுகோள் வெகுகாலம் நன்றாகத்தான் நின்றது. 1994இல் "டீப் ஸ்பேஸ் நைன்" என்ற தொடரில் ஒரு பகுதி வந்தது. கோர், கோலோத், காங் என்ற மூன்று கிளிங்கான்கள் அதில் வயதானவர்களாக வருகிறார்கள். மூவரும் 1960களின் தொடரில் வழுவழுப்பான நெற்றியோடு வந்தவர்கள். நடித்தவர்களும் அதே நடிகர்கள். இப்போது மூவர் நெற்றியிலும் மேடு! ஒரே ஆள் இரு தோற்றத்திலும் வந்துவிட்டதால் "இரண்டு இனம்" என்ற விளக்கம் விழுந்துவிட்டது. ஒரு புதிய சான்று ஒரு கருதுகோளை வீழ்த்தியது.

1996இல் தொடரின் 30ஆம் ஆண்டை ஒட்டி, அதே டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் பாத்திரங்கள் காலப்பயணம் செய்து பழைய தொடரின் காட்சிகளுக்குள்ளேயே நுழையும் பகுதி ஒன்று வந்தது. மேடுள்ள நெற்றியுடைய வோர்ஃப் என்ற கிளிங்கானின் நண்பர்கள், அங்கிருக்கும் வழுவழு நெற்றிக் கிளிங்கான்களைப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்கிறார்கள். இதைப் பற்றி வெளியாரிடம் நாங்கள் பேசுவதில்லை என்ற பொருளில் சொல்லி அவர் முடித்துவிடுகிறார். நகைச்சுவைதான். ஆனால் அந்த ஒரு வரியால் முதல் கருதுகோளும் விழுந்தது. தோற்ற வேறுபாடு கதைக்குள்ளேயே உண்மை என்று பாத்திரங்களே ஒப்புக்கொண்டுவிட்டார்களே!

2005இல் "எண்டர்பிரைஸ்" தொடரின் இரண்டு பகுதிகள் நேரடி விளக்கத்தைத் தந்தன. மரபணு மேம்பாடு செய்யப்பட்ட மனிதர்களின் மரபுப்பொருளைக் கொண்டு தங்கள் வீரர்களை வலுப்படுத்தக் கிளிங்கான் அறிவியலாளர்கள் முயல்கிறார்கள். அது கொள்ளைநோயாகப் பரவுகிறது. உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன, ஆனால் இலட்சக்கணக்கானோர் நெற்றி மேட்டை இழக்கிறார்கள். அவர்களின் சந்ததிக்கும் அது தொடர்கிறது. இவ்வாறு பழையதை மாற்றாமல், பின்னால் எழுதும் கதையின் மூலம் பழையதற்குப் புதுப்பொருள் தருவதைப் பின்னோக்கித் திருத்தம் எனலாம். 1893இல் அருவியில் விழுந்து மாண்டதாக எழுதிய ஹோம்ஸை, அவர் விழவேயில்லை என்று 1903இல் டாயல் மீட்டுக் கொண்டுவந்ததும் இவ்வகைதான்.

கோரும் நண்பர்களும் பின்னாளில் நெற்றி மேட்டை எப்படித் திரும்பப் பெற்றார்கள் என்பதற்கு 2005ஆம் ஆண்டுப் பகுதியில் ஒரு சிறு குறிப்பு மட்டுமே கிடைத்தது. 2017இல் தொடங்கிய "டிஸ்கவரி" தொடரோ கிளிங்கான்களுக்கு முற்றிலும் புதிய தோற்றம் தந்து வாதத்தை மறுபடி திறந்துவிட்டது.

நல்ல விளக்கம் எது?

எந்த முரணுக்கும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிவிட முடியும். அது போதுமா? போதாது என்பதே அனுபவமுள்ள ரசிகர்களின் நிலை. ஒரு சான்றைப் பார்ப்போம்.

1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் கான் என்ற எதிராளி கப்பலுக்கு வருகிறார். 1982ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அதே கான், செக்கோவ் என்ற அதிகாரியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறார். ஆனால் செக்கோவ் தொடரின் இரண்டாம் பருவத்தில்தான் முதன்முதலில் திரையில் வந்தார். கான் வந்தது முதல் பருவத்தில். பார்த்திராத ஆளை எப்படி அடையாளம் காண முடியும்?

"செக்கோவ் அப்போது கப்பலில் வேறு பிரிவில் இருந்திருப்பார்" என்பது எளிய விடை. ஆனால் இது வெறும் ஊகம். ரசிகர்கள் இன்னும் ஆழமாகத் தேடினார்கள். தொடரில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஸ்டார்டேட் என்ற கற்பனை நாள் எண் சொல்லப்படும். கான் வந்த பகுதியின் ஸ்டார்டேட் 3141.9. செக்கோவ் இடம்பெறும் இரண்டாம் பருவப் பகுதி ஒன்றின் ஸ்டார்டேட் 3018.2. அதாவது ஒளிபரப்பில் அது பின்னால் வந்தாலும், கதையின் நாட்காட்டியில் கானுக்கு முன்பே நடந்தது. ஆகவே கான் வந்தபோது செக்கோவ் கப்பலில் இருந்தார் என்பதற்குத் திரையிலேயே சான்று இருக்கிறது.

இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் சொல்லிக் காட்டலாம். முதல் விடை முரணை மூடுவதற்காகவே உருவாக்கப்பட்டது. அதற்கு வேறு ஆதாரம் இல்லை. இரண்டாம் விடை தனியாகச் சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தியின்மேல் நிற்கிறது. "நீ சொல்வதற்கு ஆதாரம் என்ன?" என்று நாம் கேட்கும்போது எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

தீர்ப்புச் சொல்வது யார்?

எது கேனன் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? இங்கே மூன்று பெரிய தொடர்கள் மூன்று வழியில் போயிருக்கின்றன.

ஸ்டார் ட்ரெக்கில் பொதுவான விதி, திரையில் வந்தது கேனன். நாவல்களும் சித்திரக்கதைகளும் அல்ல. இதிலும் சிக்கல் வந்தது. 1973–74இல் வந்த 22 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடரை 1980களின் இறுதியில் ராடன்பெரியின் அலுவலகம் கேனனுக்கு வெளியே வைத்தது. ஆனாலும் கிர்க்கின் நடுப்பெயரான டைபீரியஸ் முதலில் ஒலித்தது அந்த அசைபடத்தில்தான். 1991ஆம் ஆண்டுத் திரைப்படம் அதை எடுத்துக்கொண்டது. பின்வந்த எழுத்தாளர்கள் மேலும் பலவற்றை எடுத்தாண்டார்கள். விலக்கப்பட்டது மெல்ல மெல்ல உள்ளே வந்துவிட்டது.

ஸ்டார் வார்ஸில் உரிமையாளரே தீர்ப்புச் சொன்னார். 1977இல் தொடங்கிய அத்தொடரைச் சுற்றி ஏராளமான நாவல்கள் வந்தன. 2012இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியது. 2014 ஏப்ரலில் அந்த நாவல்களின் உலகம் முழுவதும் இனி "லெஜண்ட்ஸ்", அதாவது பழங்கதைகள் என்று அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது பேரிழப்பாகத் தோன்றியது. அவர்கள் வாசித்த எதுவும் அழியவில்லை. புத்தகங்கள் அலமாரியில்தான் இருந்தன. ஆனால் "இது நடந்தது" என்பது ஓர் அறிவிப்பில் "இது நடக்கவில்லை" என்று ஆகிவிட்டது. எனினும் 1991இல் திமதி ஸான் எழுதிய நாவலில் பிறந்த த்ரான் என்ற பாத்திரம் 2016இல் அசைபடத் தொடர் வழியாகக் கேனனுக்குள் திரும்பியது. வாசகர்களின் அன்பு தீர்ப்பைத் திருத்த முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

பிரிட்டனில் 1963இல் தொடங்கிய டாக்டர் ஹூ தொடருக்கோ பிபிசி அதிகாரபூர்வக் கேனன் பட்டியல் எதையும் வகுக்கவில்லை. நாயகன் பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்று 1976இல் ஒரு பகுதி சொன்னது. 2013இல் அந்த எண்ணிக்கை தீர்ந்தபோது புதிய சுற்று ஒன்றைக் கதையே வழங்கிவிட்டது. தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமலே ரசிகர்கள் வாதிட்டு மகிழ்கிறார்கள்.

இதன் எல்லைகள்

இந்த விவாதங்களில் நல்லது மட்டும் இருப்பதாகச் சொல்ல முடியாது. கேனன் அறிவு சில நேரம் காவல் வாசலாகிவிடுகிறது. "இதுகூடத் தெரியாதா? நீயெல்லாம் ரசிகனா?" என்று புதிதாக வருபவரைத் துரத்தும் ஆயுதமாகிறது. வகுப்பறையிலும் இதன் நிழல் உண்டு. உரைநூலில் உள்ள விடைதான் விடை, அதிலிருந்து ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண் இல்லை என்னும்போது நாமும் ஒரு கேனனை வகுத்துக் காவல் நிற்கிறோம். மாணவர் பாடத்திலிருந்தே சான்று காட்டி வேறு விடை சொன்னால் அதை ஏற்க நமக்குத் துணிவு வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். கதை உலகையும் நடப்பு உலகையும் மாணவர்கள் பிரித்தறிய வேண்டும். அறிவியலில் இரண்டு கூற்றுகள் முரண்பட்டால் இயற்கையிடம் கேட்கலாம். அளந்து பார்க்கலாம், சோதனை செய்யலாம். வரலாற்றில் முரண்பட்டால் வேறு கல்வெட்டையும் ஆவணத்தையும் தேடலாம். ஒரு சான்று பிழையானது என்றும் முடிவுக்கு வரலாம். கதையிலோ பனுவலுக்கு அப்பால் அளந்து பார்க்க எதுவுமில்லை. கிளிங்கானின் நெற்றியை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால்தான் ரசிகர் எல்லாச் சான்றையும் காப்பாற்றப் பார்க்கிறார். அதே பழக்கத்தை நடப்பு உலகுக்குக் கொண்டுவந்து, தான் நம்பியதற்கு எதிரான ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடிப்பவர் வதந்திக்கு எளிதில் இரையாவார். இந்த வேறுபாட்டைச் சொல்லித் தருவது ஆசிரியரின் பொறுப்பு.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஆறாம் வகுப்புக்கு மேல் எந்த வகுப்பிலும் இதை இரண்டு பாடவேளைகளில் செய்யலாம். தனிப் பொருள்கள் எதுவும் தேவையில்லை.

முதலில், மாணவர்கள் நன்கு அறிந்த ஒரு தொடர்கதை, கார்ட்டூன் அல்லது திரைப்பட வரிசையை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு அது தெரியாமல் இருப்பது நல்லது; அப்போதுதான் மாணவர்கள் முழுமையாக விளக்குவார்கள். அதில் அவர்கள் கண்ட ஒரு முரணைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

அடுத்து மூன்று பத்திகள் வரையுங்கள். முதல் பத்தியில் கதையில் நேரடியாகக் காட்டியது அல்லது சொன்னது மட்டும். இரண்டாவதில் அதிலிருந்து நாம் ஊகிப்பது. மூன்றாவதில் கதைக்கு வெளியே உள்ள காரணம்: நடிகர் மாறினார், எழுத்தாளர் மறந்தார், பணம் போதவில்லை என்பன போன்றவை. ஒவ்வொரு மாணவர் சொல்வதும் எந்தப் பத்திக்குப் போகும் என்பதை வகுப்பே முடிவு செய்யட்டும். இரண்டாம் பத்திக்குரியதை முதல் பத்தியில் எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

பிறகு குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு குழுவும் ஒரு விளக்கம் தரட்டும். மற்றக் குழுக்கள் அதை வீழ்த்தும் சான்றைத் தேடட்டும். இறுதியில், எந்த விளக்கம் குறைந்த ஊகத்தோடு அதிகச் சான்றுகளைப் பொருத்துகிறது என்று பேசுங்கள். வாக்கெடுப்பு வேண்டாம், கைகளின் எண்ணிக்கை சான்றாகாது.

இரண்டாம் பாடவேளையில் அதே மூன்று பத்திகளை விரிவானப் பகுதியிலுள்ள ஒரு சிறுகதைக்குப் பயன்படுத்துங்கள். பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்ற வினாவுக்கு "கதையில் எங்கே இருக்கிறது?" என்று மாணவர்களே ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவார்கள். மேல்நிலை வகுப்பில் தமிழாசிரியர்கள் பாடவேறுபாடு, இடைச்செருகல் ஆகியவற்றை அறிமுகம் செய்யவும் இது நல்ல வாசல். பல ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு எது மூலபாடம் என்று தேடிய உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆனால் அவர்கள் தேடியது கற்பனை நாயகனின் நடுப்பெயரை அல்ல. உண்மையில் எழுதப்பட்ட சொற்களை.

தான் விரும்பும் கதையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்த மாணவர் அந்தக் கதையை வெறுத்துவிடுவதில்லை. இன்னும் கூர்ந்து படிக்கிறார். பாடநூலையும் அப்படிப் படிக்க அவருக்கு இடம் கொடுத்தால், "சார், இந்தப் பக்கத்தில் ஒன்று சொல்லியிருக்கிறது, அந்தப் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று ஒருநாள் எழுந்து நிற்பார். அப்போது வகுப்பில் உள்ள மற்றவர்களையும் அந்த இரண்டு பக்கங்களைத் திறக்கச் சொல்வோம்.